கருப்பனுக்குச் சுகர்: வீட்டில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது பற்றிக் கேள்விகள்

கருப்பன்_வீடு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூனை கருப்பனுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு வயது, கருத்தடை ஆபரேஷன் ஆன ஆண், ஏழு கிலோவை நெருங்குகிறான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை, லிட்டர் ட்ரேயில் அள்ள அள்ளக் கட்டி. நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. க்ளார்ஜின் இன்சுலின், காலையும் மாலையும் ஒரு யூனிட். ஊசி போடுவது பிரச்சினையே இல்லை. தட்டில் முகத்தை வைத்திருக்கும்போது போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சுகர் பார்ப்பதுதான் கழுத்தறுப்பு. காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுக்கச் சொன்னார் டாக்டர். இவன் காது உள்ளும் புறமும் கன்னங்கரேல். ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. குத்தினால் ரத்தம் வருவதில்லை. வந்தால் முடிக்குள் பரவிவிடுகிறது. ஸ்ட்ரிப்பைக் கொண்டுபோவதற்குள் தலையை ஒரு உதறு உதறுகிறான், சுவரெல்லாம் புள்ளி.

இன்னும் இரண்டு சந்தேகம். கிளினிக்கில் 340 காட்டியது. அன்று சாயங்காலமே வீட்டில் ஒருவழியாக எடுத்தபோது 212. எதை நம்புவது? அப்புறம், அம்மாவுக்கு வாங்கிய மீட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. பூனைக்கும் அதிலேயே பார்த்தால் ஆகாதா?

பழைய_மீசை

வாங்க சகோ. காதை மட்டும் நான் சொல்கிறேன், எண்களை டாக்டர் வந்து சொல்லட்டும்.

ரத்தக்குழாயையே குத்த வேண்டியதில்லை. காதின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் ஓடும். அதற்கும் காதின் விளிம்புக்கும் நடுவே ஒரு குறுகலான பட்டை இருக்கிறதே, அங்கேதான் குத்த வேண்டும். கருப்புக் காது என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் காதுக்குப் பின்னால் பிடியுங்கள். இருட்டில் காது மங்கலான சிவப்பாகத் தெரியும், குழாய் அதில் ஒரு கருங்கோடாக ஓடும். பழகிவிட்டால் டார்ச் தேவைப்படாது, விரலே இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ரத்தம் வராததற்குப் பெரும்பாலும் குளிர்ந்த காதுதான் காரணம். சின்னத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி (ஈரம் காதில் பட்டால் சொட்டு நீர்த்துப்போகும்), அரை நிமிடத்துக்குக் குறையாமல் காதில் ஒத்துங்கள். முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் காதுக்கும் சுடும்.

லான்செட் (குத்தும் சின்ன ஊசி) எண் என்ன? எண் கூடக் கூட ஊசி மெலிது. 33 எண் ஊசி மனித விரலுக்குச் சொகுசு, புதிதாகக் குத்துப்படும் பூனைக் காதுக்குப் போதாது. 28 அல்லது 26 வாங்குங்கள். பழகிய காதில் சுலபமாக ரத்தம் வரும், அப்போது மெல்லியதற்கு மாறலாம். பேனா மாதிரி வரும் கருவியின் 'டிக்' சத்தத்துக்கே பல பூனைகள் ஓடிவிடும். லான்செட்டைக் கையில் பிடித்தே குத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி. காதுக்குப் பின்னால் மடித்த டிஷ்யூவை வைத்துக்கொண்டால் ஊசி உங்கள் விரலில் ஏறாது.

குத்துவதற்கு முன் ஓரத்தில் வாசலினைத் தொட்டும் தொடாமலும் பூசுங்கள். ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். எரியும், காயாமல் இருந்தால் அளவும் கெடும்.

தலை உதறுகிறவனுக்கு இது: சொட்டு வந்ததும் அதை உங்கள் விரல் நகத்தின்மேல் ஏந்திக்கொள்ளுங்கள் (கையை முன்பே கழுவித் துடைத்திருக்க வேண்டும்). பூனையை விட்டுவிடலாம். மீட்டரில் தயாராகச் செருகியிருக்கும் ஸ்ட்ரிப்பின் நுனியை நகத்தில் இருக்கும் சொட்டில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தேய்க்காதீர்கள். பிறகு காதைப் பஞ்சால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் நீலம் பாரிக்கும்.

இரண்டு குத்தில் வரவில்லையா, விட்டுவிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அவனுக்குப் பிடித்ததில் ஒரு துண்டு கொடுத்தாக வேண்டும். கார்போ (மாவுச்சத்து) இல்லாததாக இருக்கட்டும், வெந்த கோழி மாதிரி.

மூன்றாம்_மாடி

மன்னிக்கணும், எனக்கு இது பாவமாத்தான் படுது. வாயில்லா ஜீவனை தினம் காதுல குத்திக்கிட்டே இருக்கிறதா? எங்க வீட்டுப் பூனைக்கு மாசம் ஒரு தடவை கிளினிக்ல பார்ப்பாங்க. நடுவுல யூரின் ஸ்ட்ரிப் வெச்சுப் பார்ப்பேன். நல்லாத்தான் இருக்கா. நாமளே நம்பரைப் பார்த்துப் பார்த்து பயந்து நமக்கு பிபி ஏறினதுதான் மிச்சம்.

இரவுப்பணி_வெட்

கால்நடை மருத்துவர்தான், ஆனால் கருப்பனின் மருத்துவர் நான் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

340, 212 இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் ஏறும், கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டும். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் அறையில் உட்கார வைத்தால் நோயே இல்லாத பூனைக்கும் 300-ஐத் தாண்டலாம். அதனால்தான் ஒற்றை ரத்தப் பரிசோதனையை வைத்துப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துவதில்லை. சிறுநீரில் குளுக்கோஸ், அறிகுறிகள், ஃப்ரக்டோசமைன் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்ப்போம். ஃப்ரக்டோசமைன் கடந்த ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைச் சொல்லும், அன்றைய பயத்தால் அது மாறாது.

மனித மீட்டர் பற்றி. மனித ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸில் ஏறத்தாழ 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் (ரத்தத்தின் திரவப் பகுதி) 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையில் 93 சதவீதம் பிளாஸ்மாவில், 7 சதவீதம்தான் அணுக்களில். மனிதர்களுக்கான கணக்கை வைத்துப் பூனை ரத்தத்தை அளந்தால் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைக்கும் என்பது மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். முடிந்தால் விலங்குகளுக்கென்றே வரும் மீட்டர் வாங்குங்கள். ஆல்ஃபாட்ராக் 2 என்றால் ஸ்ட்ரிப் டப்பாவில் நாய்க்கு ஒரு எண்ணும் பூனைக்கு ஒரு எண்ணும் போட்டிருக்கும், பூனை எண்ணை வைக்க வேண்டும். அம்மாவின் மீட்டர்தான் இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்துங்கள், ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் எந்த மீட்டர் என்று உங்கள் டாக்டருக்குத் தெரிய வேண்டும், நடுவில் மாற்றவும் கூடாது.

மூன்றாம்_மாடி, உங்கள் பூனை நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. யூரின் ஸ்ட்ரிப்பின் எல்லையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சுமார் 250-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரகம் குளுக்கோஸை வெளியே விடும். ஸ்ட்ரிப் நிறம் மாறவில்லை என்றால் சுகர் 200 ஆகவும் இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம். நாம் பயப்பட வேண்டியது அந்த 45-க்குத்தான்.

மூன்றாம்_மாடி

சரி, அந்த 45 விஷயம் யாரும் எனக்கு சொல்லல. ஆனாலும் தினம் குத்தணுமாங்கிறதுதான் என் கேள்வி.

பழைய_மீசை

தினம் நாலு தடவை யாரும் சொல்லவில்லையே. ஊசிக்கு முன்னால் ஒன்று, அவ்வளவுதான். அதையும் ஏன் விடக்கூடாது என்றால், பூனை மனிதர்கள் மாதிரி இல்லை. கார்போ குறைந்த உணவும் இன்சுலினும் ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கிடைத்தால் கணையம் மீண்டுவந்து, இன்சுலினே தேவைப்படாத நிலைக்குக் கணிசமான பூனைகள் வந்துவிடும். கேட்க நல்ல சேதி. ஆனால் "நாளை முதல் எனக்கு ஊசி வேண்டாம்" என்று அது சொல்லிவிட்டா மாறுகிறது? நேற்று சரியாக இருந்த அதே ஒரு யூனிட் இன்று அதிகமாகிவிடும். ஊசிக்கு முன் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

கருப்பன்_வீடு, இதையொட்டி இன்னொன்று. உலர் தீனியிலிருந்து ஈரத் தீனிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். தீனி மாறினாலே சுகர் தடாலென்று இறங்கும், டோஸ் பழையபடியே இருக்கும்.

கடல்தாண்டி

ஒரு குழப்பம் வராமல் இருக்க: எங்கள் மீட்டரில் 340, 212 என்றெல்லாம் வராது, 18.9, 11.8 என்று வரும். அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நீங்கள் சொல்லும் எண். ஒருமுறை யாரோ "6.1 வந்திருக்கு, செத்துடுமா?" என்று அலறினார்கள். 6.1 என்றால் 110, ஆரோக்கியமான பூனையின் அளவு. இந்த இழையில் மி.கி. கணக்கிலேயே பேசுவோமே.

கருப்பன்_வீடு

டார்ச் வித்தை வேலை செய்தது! நகத்தில் ஏந்துவது அதைவிட. பழைய_மீசைக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது புதுத் தலைவலி. ஒரே நேரத்தில், ஒரே காதில், அடுத்தடுத்து இரண்டு சொட்டு பார்த்தேன். ஒன்று 231, இன்னொன்று 254. மீட்டர் பழுதா?

இரவுப்பணி_வெட்

பழுது இல்லை. மனித மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரம் (2013 பதிப்பு) கேட்பதே இவ்வளவுதான்: ஆய்வகத்தோடு ஒப்பிட்டால் நூற்றில் 95 அளவுகள், 100-க்கு மேல் என்றால் 15 சதவீத வித்தியாசத்துக்குள், 100-க்குக் கீழ் என்றால் 15 புள்ளிக்குள் இருந்தால் போதும். ஆக 231-ம் 254-ம் ஒரே எண்தான். இதற்காக இன்னொரு ஸ்ட்ரிப்பை வீணாக்காதீர்கள்.

மறுபடி பார்க்க வேண்டியது எப்போது என்றால், எண்ணும் பூனையும் ஒத்துப்போகாதபோது. துள்ளி விளையாடுகிறான், மீட்டர் 38 என்கிறது. அல்லது கை கழுவாமல் தீனி ஒட்டிய விரலால் சொட்டை எடுத்தீர்கள், 480 என்கிறது. அப்போது கை கழுவிவிட்டுப் புதுச் சொட்டு எடுங்கள். 38 விஷயத்தில் மட்டும் முதலில் சாப்பிட வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நிழல்_நகம்

ஒரு எண் கூடுதலாக வந்தால் உடனே டோஸைக் கூட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நானும் கேட்கிறேன், காலையில் 380 வந்தால் கொஞ்சம் கூட்டிப் போடலாம்தானே? மனிதர்கள் சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போடுகிறார்களே?

இரவுப்பணி_வெட்

கூடாது. நாம் போடுவது நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின். இன்று காலை 380 எதனால் என்று அந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது. டோஸ் போதாமல் இருக்கலாம், ராத்திரி பக்கத்து வீட்டுப் பூனையோடு சண்டை நடந்திருக்கலாம், பல்லில் சீழ் இருக்கலாம், தோலுக்காகப் போட்ட ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். இன்சுலின் சுகரை மிக ஆழத்துக்கு இறக்கினால் என்ன நடக்கிறது என்பது ஊசிக்கு முந்தைய எண்ணில் தெரியாது, இரண்டு ஊசிக்கும் நடுவில்தான் தெரியும். அதற்குத்தான் கர்வ்: ஊசிக்கு முன் தொடங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த ஊசி வரை. அதில் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே, எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் டோஸை முடிவு செய்வோம். தாழ்ந்த புள்ளி 80-க்கும் 150-க்கும் நடுவில் வந்தால் நல்லது. வழக்கமான தீனி, வழக்கமான நேரம், வீட்டிலேயே. கிளினிக்கில் நாள் முழுக்க வைத்து எடுக்கும் கர்வ் பல பூனைகளுக்குப் பயத்தைத்தான் அளக்கிறது.

டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, சுகர் அசையவே இல்லை என்றால் அது வேறு கதை. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் கோளாறாக இருக்கலாம். 2015-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், பார்த்த சர்க்கரைப் பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு அது இருந்தது. ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மட்டுறுத்துநர்

யாரும் யாருக்கும் யூனிட் எண்ணிக்கை பரிந்துரைக்க வேண்டாம். அனுபவம் சொல்லலாம், டோஸ் சொல்லக் கூடாது. அப்படி வந்த பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன்.

பஞ்சு_அக்கா

சுகர் இறங்கிப்போனா என்ன செய்யணும்னு யாரும் இன்னும் சொல்லலையே. அதை முதல்ல சொல்லுங்கப்பா. எங்க பஞ்சுவுக்கு ஆச்சு. நடை தள்ளாடுச்சு, கண்மணி விரிஞ்சு கண்ணே கருப்பாயிடுச்சு, மீன் தட்டை வெச்சும் மோந்துகூடப் பார்க்கல. மீட்டர்ல 49.

தேன் எடுத்து ஈறுல தேய்ச்சேன். வாய்க்குள்ள ஊத்தல, புரையேறிடும். வலிப்பு மாதிரி இழுத்துட்டிருந்தா பல்லுக்கு நடுவுல விரலை விடாம உதட்டைத் தூக்கி வெளிப்பக்க ஈறுல மட்டும் தேய்க்கணும்னு போன்ல சொன்னாங்க. கால் மணி நேரத்துல திரும்பப் பார்த்தேன், 83. உடனே சாப்பாடு வெச்சேன், அப்புறம் கிளினிக். தேன் சீக்கிரம் தீர்ந்துடும், உள்ள போன இன்சுலின் இன்னும் மணிக்கணக்கா வேலை செய்யும். அதனால எழுந்து உட்கார்ந்துட்டான்னு வீட்லயே இருந்துடாதீங்க.

தேன் பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேல, அவசர நம்பர் ஃப்ரிட்ஜ் கதவுல. ரெண்டையும் இன்னிக்கே வெச்சிடுங்க.

இரவுப்பணி_வெட்

அக்கா சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. 60-க்குக் கீழ் என்றால் பூனை நன்றாகத் தெரிந்தாலும் அவசரம்தான். 60-க்கும் 80-க்கும் நடுவில் என்றால் சாப்பிட வைத்து, மறுபடி பார்த்து, டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசிக்கு முன் எந்த எண்ணுக்குக் கீழ் இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அதை யோசிக்கக் கூடாது.

சிரிஞ்சையும் பார்த்துவிடுங்கள். க்ளார்ஜின் யு-100, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். விலங்குகளுக்கான இன்சுலின்களான கேனின்சுலின், ப்ரோஜிங்க் இரண்டும் யு-40, மில்லிக்கு 40 யூனிட். யு-40 சிரிஞ்சில் யு-100 மருந்தை ஒரு கோடு இழுத்தால் ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டரை யூனிட் உள்ளே போகும். மருந்தை மாற்றினால் சிரிஞ்சும் மாற வேண்டும்.

நிழல்_நகம்

மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்கிறார்களே, அந்த சென்சார் பூனைக்கு முடியாதா? குத்தவே வேண்டாமே.

பழைய_மீசை

முடியும். ஃப்ரீஸ்டைல் லிப்ரேயைப் பல கிளினிக்கில் போடுகிறார்கள். முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோ முடியை மழித்து ஒட்டுவார்கள். 14 நாள் வர வேண்டியது, பூனையிடம் பெரும்பாலும் அதற்குள் உதிர்ந்துவிடும். ராத்திரி முழுக்க என்ன நடக்கிறது என்று தெரிவது பெரிய ஆறுதல், மறுக்க மாட்டேன். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை அளக்கிறது, சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் பின்தங்கும். பூனை அந்தப் பக்கமாகவே படுத்து அழுத்தினால் பொய்யாகத் தாழ்ந்த எண் காட்டும். 'லோ' என்று வந்தால் காதில் குத்திப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆக சென்சார் இருந்தாலும் காது பழகியிருக்க வேண்டும்.

கடல்தாண்டி

எங்கள் பூனைக்கு ஊசியே இல்லை, தினம் ஒருமுறை வாயில் கொடுக்கும் வெலாக்லிஃப்லோசின் திரவம். சுகர் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. இதில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்று வெட் சொல்ல முடியுமா?

இரவுப்பணி_வெட்

கீட்டோனை, அதாவது இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருளை. அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2022 டிசம்பரில் பெக்ஸாக்லிஃப்லோசின் மாத்திரையையும் (பெக்ஸாகாட்) 2023-இல் வெலாக்லிஃப்லோசின் திரவத்தையும் பூனைகளுக்கு அனுமதித்தது. இவை சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் ரத்தத்தில் எண் அழகாக இருக்கும்போதே, உடலில் இன்சுலின் போதாமல் கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சுகர் எகிறி நிற்கும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். இங்கே அந்த எச்சரிக்கை இல்லை. சாப்பிடவில்லை, வாந்தி, சுருண்டு கிடக்கிறான் என்றால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள். யூரின் ஸ்ட்ரிப் பயன்படுவது இங்கேதான். கீட்டோன் கட்டம் உள்ள ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள். இன்சுலினில் இருக்கும் பூனைக்கும் சாப்பிடாத நாளில் அது உதவும்.

கருப்பன் விஷயத்தில் இதை யோசிக்க வேண்டாம். இன்சுலின் எடுத்த பூனைகளுக்கு பெக்ஸாகாட் கூடாது என்று அதன் லேபிளிலேயே இருக்கிறது.

கருப்பன்_வீடு

ஞாயிற்றுக்கிழமை கர்வ் எடுத்தேன். டோஸ் அதே ஒரு யூனிட்.

காலை 8: 318 (சாப்பாடு, ஊசி)
10: 290
12: 221
2: 168
4: 159
6: 204
இரவு 8: 297

4 மணிக்கு எடுக்கும்போது தூங்கிக்கொண்டே கொடுத்தான். தண்ணீர் குடிப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. பின்னங்காலைத் தரையோடு பதித்து நடந்தது இன்னும் மாறவில்லை.

இரவுப்பணி_வெட்

சுத்தமான கர்வ். எட்டு மணி நேரத்தில் 159-க்கு இறங்கி, மெதுவாக ஏறுகிறது. இன்சுலின் வேலை செய்கிறது, பன்னிரண்டு மணி நேரம் ஓரளவு தாங்கவும் செய்கிறது. தாழ்ந்த புள்ளி இன்னும் ஆபத்தான பக்கம் போகவில்லை. அப்படியே உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள், எண்ணோடு தண்ணீர், எடை, நடை பற்றி எழுதியதையும் சேர்த்து. 159-ஐ மட்டும் பார்த்தால் கொஞ்சம் கூட்டலாம் என்று தோன்றும், தண்ணீர் பாதியானதைப் பார்த்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம் என்று தோன்றும். அது அவர் முடிவு. பின்னங்கால் நரம்புப் பாதிப்பு. சுகர் கட்டுக்குள் வந்த பிறகும் அது தேற மாதக்கணக்கில் ஆகும், சில பூனைகளில் முழுதாகத் தேறாது.

மூன்றாம்_மாடி

நேத்து எங்க பூனைக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வெள்ளைக் காது, டார்ச்சே தேவையில்ல. 194 வந்துச்சு. தினம் பார்ப்பேன்னு சொல்லல. வாரம் ரெண்டு தடவை, ஊசிக்கு முன்னாடி.

பழைய_மீசை

அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஒருவேளை சாப்பிடாமல் இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தீனி மாற்றினாலோ மட்டும் கணக்குப் பார்க்காமல் பார்த்துவிடுங்கள்.

பஞ்சு_அக்கா

ஸ்ட்ரிப் டப்பாவை இன்சுலின் பக்கத்துல ஃப்ரிட்ஜ்லயே வெச்சிடலாமா? ஒரே இடத்துல இருந்தா மறக்காதுன்னு கேக்குறேன்.

இரவுப்பணி_வெட்

வேண்டாம் அக்கா. இன்சுலின் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாமல். ஸ்ட்ரிப் வெளியே, அறை வெப்பத்தில், அதன் சொந்த டப்பாவில், ஒவ்வொன்றாக எடுத்ததும் மூடியை இறுக்கி. ஈரம் பட்டால் எண் கெடும். டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள், எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும்.